அப்டேட் செய்த பின் வீடியோ ஓடாமை: காரணமும் பரிகாரமும்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

  

 இன்றைய கூட்டத்தில் வீட்டுக்குப் பயன்படக்கூடிய விஷயம் ஒன்றைப் பற்றிப் பேசவேண்டும் என்று நமது செயலாளர் பணித்தார். இம்மேடையிலே சமயம், இலக்கியம், சமூகசேவை ஆகியவற்றைப் பற்றி என்னிலும் பன்மடங்கு தகுதி வாய்ந்த பெரியார்கள் பேசியிருக்கிறார்கள். நானோ பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயிலும் மாணவன். ஆகவே எனக்குச் சிறிது பழக்கமான துறையிலிருந்தே ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டேன். பாட்டும் படமும் காட்டும் கையடக்கக் கருவிகள் ‘அப்டேட்’ செய்த பிறகு வீடியோவை ஓட்ட மறுப்பது ஏன், அதற்கு நாம் செய்யத்தக்கது யாது என்பதே அவ்விஷயம்.

இது இளைஞருடைய விளையாட்டுச் சாமானைப் பற்றிய பேச்சுத்தானே என்று பெரியோர்கள் எண்ணலாகாது. அச்சிறு கருவிக்குள் இருப்பவை எவை என்று சற்றே சிந்தித்துப் பாருங்கள். மகளின் கலியாணம் இருக்கிறது. பேரப்பிள்ளையின் முதல் நடை இருக்கிறது. தோட்டத்திலே மாசி மாதத்தில் ஆடிய காமன் கூத்தும் அதன் தப்பொலியும் இருக்கின்றன. இப்பொழுது நம்மோடு இல்லாத ஒருவரின் குரல் இருக்கிறது. பல வீடுகளில் இவற்றுக்கு வேறு பிரதியே கிடையாது. இந்நிலையில் ஒருநாள் வீடியோ ஓடவில்லை என்றால், நமக்கு முதலிலே கிடைக்கும் ஆலோசனை என்ன? “போமட் பண்ணிவிடுங்கள், சரியாகிவிடும்” என்பதே. கருவி சரியாகலாம். ஆனால் உள்ளே இருந்தவை போய்விடும். இந்த ஒரு வார்த்தையினால் எத்தனை வீடுகளில் எத்தனை அருமையான பதிவுகள் அழிந்திருக்கும்! இன்று நான் சொல்ல வந்தது ஒன்றே: ஓடாத வீடியோ கெட்டுப்போன வீடியோ என்று முடிவு கட்டிவிடாதீர்கள், பிரதி எடுக்கும் முன்னர் எதனையும் அழிக்காதீர்கள். மற்றவை யாவும் இதற்கு விளக்கமே.

நிலைபொருள் என்பது யாது?

ஒரு கருவிக்கு உடலாகிய இயந்திரப் பகுதி உண்டு. அதனை இயக்கும் அறிவாகிய மென்பொருளும் உண்டு. கருவியை விட்டு நீங்காது அதனுள்ளே நிலையாகப் பதிந்திருக்கும் மென்பொருளை நிலைபொருள் என்பர். பொத்தானை அழுத்தினால் என்ன செய்யவேண்டும், எந்தக் கோப்பைத் திறக்கலாம், எதனை மறுக்கவேண்டும் என்பவற்றையெல்லாம் தீர்மானிப்பது இதுவே. இதனை நீக்கிப் புதியதொன்றை வைப்பதையே அப்டேட் செய்தல் என்கிறோம்.

இயந்திரம் மாறாதிருக்கவே நிலைபொருள் மாறினால் கருவியின் திறன் மாறிவிடும் என்பதற்கு நல்லதோர் உதாரணம் உண்டு. அப்பிள் கொம்பனி வீடியோ காட்டும் ஐபொட் கருவியை 2005ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் வெளியிட்டது. அப்பொழுது எச்.264 என்னும் முறையில் அமைந்த வீடியோக்களில் 320க்கு 240 புள்ளி அளவுடையவற்றையே அது ஏற்றது. 2006 செப்டெம்பரில் புதிய நிலைபொருள் வந்தபின் அதே கருவி 640க்கு 480 புள்ளி அளவுடையவற்றையும் ஏற்றுக்கொண்டது. ஓர் ஆணிகூட மாற்றப்படவில்லை. கட்டளை மாத்திரமே மாறியது. கட்டளை மாறுவதால் திறன் கூடலாம் என்றால் குறையவும் கூடும் அன்றோ?

நிலைபொருளிலேயே பிழை இருந்துவிடுவதும் உண்டு. மைக்ரோசொப்ட் கொம்பனியின் ‘சூன் 30’ என்ற கருவிகள் 2008 டிசம்பர் 31ஆந் திகதி திடீரென உறைந்து நின்றன. அவ்வாண்டு லீப் ஆண்டு. ஆண்டின் 366ஆம் நாளைக் கணக்கிடத் தெரியாமல் அக்கருவியின் கடிகார நிரல் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்ததே காரணம். அதற்குச் சொல்லப்பட்ட பரிகாரம் யாது? பற்றரி முற்றாக வடியும்வரை விட்டு, மறுநாள் கிறினிச் நேரம் நண்பகலுக்குப் பின் மின்னேற்றி இயக்குங்கள் என்பதே. பொறுமையாயிருந்தவர்களின் கருவி தானாகவே உயிர் பெற்றது. கருவியைத் திறந்து பார்க்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

பொதியும் மொழியும்

இனி வீடியோக் கோப்பு என்பது யாது என்று பார்ப்போம். 640க்கு 480 புள்ளியுள்ள ஒரு படத்தை உள்ளவாறே எழுதினால் 9 இலட்சத்து 21 ஆயிரத்து 600 பைட் ஆகும். விநாடிக்கு 25 படம் வீதம் ஒரு விநாடிக்கு 2 கோடி 30 இலட்சம் பைட்டுக்கு மேல் வரும். இதனை ஒரு சிறு கருவியில் வைத்தல் இயலாது. ஆகவே ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே மாறிய பகுதியை மட்டும் குறித்தல் முதலிய உபாயங்களால் அதனை நூற்றில் ஒரு பங்குக்கும் கீழாகச் சுருக்குகிறார்கள். சுருக்கவும் விரிக்கவும் உதவும் முறைக்குக் கோடெக் என்று பெயர். படத்துக்கு ஒரு கோடெக், ஒலிக்கு வேறொரு கோடெக். இரண்டையும் சேர்த்துக் கட்டிய பொதியே நாம் காணும் கோப்பு.

தபாலில் வரும் பொதி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். மேலுறை ஒன்று, உள்ளே இருக்கும் கடிதத்தின் மொழி வேறொன்று. கோப்பின் பெயரிலே கடைசியில் நிற்கும் எம்.பி.4, ஏ.வி.ஐ., எம்.கே.வி. என்பவை மேலுறையின் பெயர்களே. கடிதத்தின் மொழியை அவை முழுவதும் சொல்வதில்லை. ஒரே எம்.பி.4 உறைக்குள் 2003இல் வந்த எச்.264 முறையும் இருக்கலாம், 2013இல் வந்த எச்.265 முறையும் இருக்கலாம். பழைய கருவிக்கு முன்னது விளங்கும், பின்னது விளங்காது. “இதுவும் எம்.பி.4, அதுவும் எம்.பி.4, ஒன்று ஓடுகிறது, மற்றது ஏன் ஓடவில்லை?” என்று பலர் கேட்பதற்கு விடை இதுவே. ‘எம்.பி.4 பிளேயர்’ என்ற பெயரோடு மலிவாக விற்கப்பட்ட சீனத்துக் கருவிகள் பல, உண்மையில் ஏ.எம்.வி. என்னும் தனி முறையையே அறிந்திருந்தன என்பதையும் நினைவிற் கொள்க.

அப்டேட் செய்தவுடன் ஏன் ஓடாமற் போகிறது என்பதும் இப்பொழுது விளங்கும். புதிய நிலைபொருள் ஒரு மொழியை மறந்திருக்கலாம். கோடெக்குகள் பலவற்றுக்கு உரிமக் கட்டணம் உண்டு. கட்டணமோ அனுமதியோ இல்லையேல் தயாரிப்பாளர் அதனை நீக்கிவிடுவர். கைத்தொலைபேசியில் பலரும் வீடியோ பார்க்கும் ‘எம்.எக்ஸ். பிளேயர்’ என்ற செயலியில் டி.ரி.எஸ்., ஏ.சி.3 என்னும் ஒலி முறைகள் முன்னர் ஒலித்தன. உரிமச் சிக்கலால் அவை பின்வந்த பதிப்புகளில் நீக்கப்பட்டன. நேற்றுவரை பேசிய திரைப்படம் இன்று ஊமைப்படமாகியது. படமும் நன்று, கருவியும் நன்று. மொழிபெயர்ப்பாளர் மாத்திரம் வேலையை விட்டு விலகிவிட்டார்!

சில வேளைகளில் அப்டேட் செய்த கருவி நமது கருவியாகவே இராது. 2017 செப்டெம்பரில் ஐபோனுக்கு ஐ.ஓ.எஸ். 11 வந்தபின், ஐபோன் 7உம் அதற்குப் பின் வந்தவையும் தாம் எடுக்கும் வீடியோவை எச்.265 முறையிலே பதியத் தொடங்கின. கொழும்பிலுள்ள தமையனார் அனுப்பிய வீடியோ கண்டியிலுள்ள பழைய கருவியில் ஓடாமற் போவதற்கு இஃதும் ஒரு காரணம். அவருடைய ஐபோனில் கமெராவுக்குரிய அமைப்புப் பகுதியிலே ‘மோஸ்ட் கம்பாட்டிபிள்’ என்பதைத் தெரிந்தால் இனிமேல் எடுப்பவை பழைய எச்.264 முறையிலேயே பதிவாகும்.

நோய் அறியும் முறை

நான் கல்வி கற்ற மிஷன் பாடசாலையின் பௌதிக ஆய்வுகூடத்தில் எங்கள் ஆசிரியர் அடிக்கடி ஒன்று சொல்லுவார்: ஒரே வேளையில் ஒன்றையே மாற்று, மாற்றியதை எழுதி வை. இரண்டை ஒருங்கே மாற்றினால் எதனால் பலன் வந்தது என்று எவருக்கும் தெரியாது. நமது காரியத்துக்கும் இவ்விதி முற்றும் பொருந்தும்.

அப்டேட்டின் பின் கோளாறு வந்தது என்பதனாலேயே அப்டேட்டினால் வந்தது என்று துணிந்துவிடக் கூடாது. காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதை நம்மவர் அறிந்ததே. மெமரி காட் பழுதடைந்திருக்கலாம். 64 கிகாபைட் என்று மேலே அச்சிட்டு உள்ளே 8 மட்டும் கொண்ட போலி மெமரி காட்டுகளும் சந்தையில் உண்டு. இடம் நிறைந்த பின்னர் எழுதப்படும் கோப்புகள் அவற்றில் பெயரளவில் இருக்கும், உள்ளீடு இராது. ஆதலின் கீழ்க்காணும் ஒழுங்கிலே சோதித்துச் செல்லுதல் நலம்.

முதலாவது, கருவியிலோ மெமரி காட்டிலோ உள்ள எல்லாவற்றையும் ஒரு கணினிக்குப் பிரதி செய்யுங்கள். இது முடியும்வரை வேறொன்றும் செய்யவேண்டாம். பிரதியின் அளவும் மூலத்தின் அளவும் பைட் கணக்கிலே ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

இரண்டாவது, அந்தப் பிரதியைக் கணினியில் வி.எல்.சி. என்னும் மென்பொருளால் ஓட்டிப் பாருங்கள். இஃது இலவசமாகக் கிடைப்பது. 1996இல் பாரிஸ் நகரத்துப் பொறியியற் கல்லூரி ஒன்றின் மாணவர்கள் தங்கள் பயிற்சி வேலையாகத் தொடங்கியது. 2001 முதல் எவரும் பயன்படுத்தவும் திருத்தவும் உரிமையோடு உலகுக்கு வழங்கப்பட்டது. நம்மைப் போன்ற மாணவரின் வேலை இவ்வளவு தூரம் பயன் தந்தது என்பதை எண்ணி இளைஞர்கள் ஊக்கங் கொள்ளலாம். வி.எல்.சி.யில் படமும் ஒலியும் சரியாக வந்தால் கோப்பு நலமாக இருக்கிறது என்று அறிக. வராவிட்டால், பிரதி இடையிலே நின்றிருக்கலாம். எம்.பி.4 கோப்புகள் பலவற்றில் பொருளடக்கம் போன்ற பகுதி கடைசியிலே எழுதப்படுகிறது. பதிவு முடியுமுன் பற்றரி தீர்ந்தாலும், கம்பியை நடுவிலே இழுத்தாலும் அப்பகுதி இல்லாமற் போய்க் கோப்புத் திறக்காது. அந்நிலையிலும் அதனை அழிக்காதீர்கள். அவற்றுள் சிலவற்றை மீட்கும் வழிகள் உண்டு.

மூன்றாவது, எல்லா வீடியோக்களும் ஓடவில்லையா, சிலவா என்று பாருங்கள். முன்னர் நன்றாக ஓடியவை யாவும் நின்றுவிட்டன என்றால் பழுது நிலைபொருளில் அல்லது அமைப்புகளில் இருப்பதாகக் கொள்ளலாம். சில மட்டும் என்றால் அந்தச் சிலவற்றின் மொழியை ஆராயவேண்டும். வி.எல்.சி.யில் ‘டூல்ஸ்’ என்ற பகுதியில் ‘கோடெக் இன்பர்மேஷன்’ என்பதை அழுத்தினால் படத்தின் கோடெக், ஒலியின் கோடெக், புள்ளி அளவு, விநாடிக்கு எத்தனை படம் என்பன தெரியவரும். ஓடும் கோப்பு ஒன்றினதும் ஓடாத கோப்பு ஒன்றினதும் விபரங்களை ஒரு தாளில் அருகருகே எழுதிப் பாருங்கள். வேறுபாடு எங்கே உள்ளதோ நோய் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

நான்காவது, நோயின் குறியைக் கவனியுங்கள். ஒலி வந்து படம் வராவிடில் படத்தின் கோடெக்கிலே கோளாறு. படம் வந்து ஒலி வராவிடில் ஒலியின் கோடெக்கிலே கோளாறு. இரண்டும் வந்து திக்கித் திக்கி ஓடினால் கருவியின் வலுவுக்கு மிஞ்சிய புள்ளி அளவு. வாய் அசைவும் பேச்சும் ஒத்துவராவிடில் விநாடிக்கு இத்தனை படம் என்ற கணக்கு அக்கோப்பில் சீராக இல்லாமை. கோப்பின் பெயரே பட்டியலில் இல்லையானால், அப்டேட்டுக்குப் பின் கருவி தன் பட்டியலைப் புதிதாக எழுதவில்லை என்பது ஒரு காரணம். நமது தமிழ்ப் பெயரை அதனால் வாசிக்க முடியவில்லை என்பது மற்றொன்று. பழைய கருவிகள் பலவற்றுக்கு யுனிகோட் எழுத்துத் தெரியாது. பெயரைச் சிறிய ஆங்கில எழுத்தில் மாற்றி வைத்தாலே சில கோப்புகள் தலைகாட்டும்.

கருவியைத் தொலைக்காட்சிப் பெட்டியோடு கம்பியால் இணைத்துப் பார்ப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். அப்டேட் செய்தால் அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்புவதுண்டு. இலங்கையில் வழங்குவது ‘பால்’ என்னும் ஒளிபரப்பு முறை. கருவி அமெரிக்காவின் ‘என்.ரி.எஸ்.சி.’ முறைக்குத் திரும்பியிருந்தால், பழைய பெட்டிகளிற் படம் நிறமின்றியோ உருண்டுகொண்டோ தெரியும். ஒரு பொத்தானை அழுத்தினால் தீரும் விஷயம் இது.

ஒரு குரல்

இம்முறை வெறும் ஏட்டுப்படிப்பு அல்ல என்பதற்கு நான் நேரிற் கண்ட ஒன்றைச் சொல்லுகிறேன். ஹந்தானை மலைச்சாரலில் வசிக்கும் மூத்த அன்பர் ஒருவருக்கு அவருடைய மகன் கட்டாரிலிருந்து ஒரு சிறு கருவி அனுப்பியிருந்தார். பழைய கைத்தொலைபேசியில் எடுத்த வீடியோக்களை அதில் ஏற்றி வைத்திருந்தார்கள். பேரன் ஒருநாள் நல்ல எண்ணத்தோடு நிலைபொருளை அப்டேட் செய்தான். அன்றிலிருந்து அந்த வீடியோக்களில் படம் ஓடியது, ஒலி இல்லை. பழுது பார்க்கும் கடை ஒன்றிலே, கோப்புகள் கெட்டுவிட்டன, போமட் செய்து தருகிறோம் என்றார்களாம். பெரியவர் மனம் ஒவ்வாமல் கருவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தார். அவற்றுள் ஒன்றில், காலஞ்சென்ற அவருடைய மனைவியார் பேரனைத் தொட்டிலில் இட்டுத் தாலாட்டுகிறார்.

முதலில் எல்லாவற்றையும் பிரதி செய்தோம். வி.எல்.சி.யில் போட்டபொழுது ஒலி வந்தது. ஆகவே கோப்பு நன்று. விபரத்தைப் பார்த்தால் உறை 3ஜி.பி.; ஒலியின் கோடெக் ஏ.எம்.ஆர். என்று இருந்தது. தொலைபேசிப் பேச்சுக்கென்றே அமைத்த முறை அது. விநாடிக்கு 8,000 மாதிரி எடுத்து, கூடிய பட்சம் 12.2 கிலோபிட்டுக்குள் குரலை அடக்கிவிடும். பழைய கைத்தொலைபேசிகள் இதனையே வழங்கின. புதிய நிலைபொருள் இம்முறையை அறியவில்லை. ஒலியை மட்டும் ஏ.ஏ.சி. முறைக்கு மாற்றி எம்.பி.4 உறையிலே இட்டோம். சில நிமிட வேலைதான். கருவியிலே தாலாட்டுக் கேட்டது. பெரியவர் ஒன்றும் பேசவில்லை. திரும்பவும் ஒருமுறை போடச் சொன்னார்.

போமட் செய்திருந்தால் அந்தக் குரலை எந்தக் கடையிலே போய் வாங்குவது?

பரிகாரம்

நோய் தெரிந்தபின் மருந்து எளிது. உறை மட்டும் பொருந்தவில்லை என்றால் உறையை மாற்றினாற் போதும். படமும் ஒலியும் ஒரு புள்ளியும் குறையா. ‘எப்.எப்.எம்பெக்’ என்னும் இலவச மென்பொருள் இதனைச் செய்யும். மொழியே பொருந்தவில்லை என்றால் மொழிபெயர்க்க வேண்டும். அதற்கு ‘ஹான்ட்பிரேக்’ என்னும் இலவச மென்பொருள் தொடக்கநிலையாளருக்கு ஏற்றது. பழைய கருவிகளுக்குப் பெரும்பாலும் பொருந்தும் அளவுகளைச் சொல்லுகிறேன்: உறை எம்.பி.4, படம் எச்.264, அதிலும் ‘பேஸ்லைன்’ என்னும் எளிய வகை, புள்ளி அளவு 640க்கு 480, அல்லது அதற்கும் கீழ், விநாடிக்கு 25 அல்லது 30 படம், அதுவும் மாறாத வீதத்தில், ஒலி ஏ.ஏ.சி., இரண்டு வழி, 128 கிலோபிட். முதலில் ஒரு நிமிட அளவு துண்டொன்றை மாற்றிச் சோதித்துவிட்டுப் பிறகு முழுவதையும் மாற்றுக. மொழிபெயர்க்குந்தோறும் தரம் சிறிது குறையும். ஆதலின் எப்பொழுதும் மூலத்திலிருந்தே மாற்றவேண்டும். மாற்றியதை மறுபடி மாற்றலாகாது. மூலத்தை ஒருபொழுதும் வீசலாகாது.

எல்லா வீடியோவும் ஓடவில்லை என்றால், கருவியை நிறுத்தி மீண்டும் இயக்குதல், பட்டியலைப் புதிதாக எழுதச் செய்தல், அமைப்புகளைச் சரிபார்த்தல், அதே நிலைபொருளை மறுபடி ஏற்றுதல், தயாரிப்பாளர் அனுமதித்தால் முந்திய நிலைபொருளுக்குத் திரும்புதல் என்று படிப்படியாகப் போகவேண்டும். கருவியைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்புவதும் போமட் செய்வதும் கடைசிப் படிகள். பிரதிகள் பத்திரமாக உள்ளன என்று தெரிந்த பின்னரே அவற்றில் கால் வைக்கலாம்.

வேறொருவர் எழுதிய நிலைபொருளை ஏற்றுவோரும் உளர். 2001இல் சுவீடன் நாட்டு நிரலாளர் சிலர் ‘ஆர்கோஸ்’ கருவிக்காகத் தொடங்கிய ‘ரொக்பொக்ஸ்’ இவ்வகையிலே புகழ் பெற்றது. பாட்டுக் கேட்பதற்கு மிகச் சிறந்தது. ஆனால் வீடியோவில் எம்பெக்-1, எம்பெக்-2 என்னும் பழைய முறைகளையே அது ஓட்டும். அதனை ஏற்றிவிட்டு எம்.பி.4 ஓடவில்லையே என்று கருவியை நொந்துகொள்வதில் பயனில்லை.

முற்காப்பு

வந்தபின் வருந்துவதிலும் வருமுன் காத்தல் மேலானது. அப்டேட் செய்யுமுன் அதனோடு வரும் குறிப்பை வாசியுங்கள். எது சேர்க்கப்பட்டது, எது நீக்கப்பட்டது என்பது பெரும்பாலும் அங்கே இருக்கும். கருவியின் மாதிரி இலக்கம் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். இப்பொழுதுள்ள நிலைபொருளின் பதிப்பு எண்ணைக் குறித்து வையுங்கள். பற்றரியை நிறைய மின்னேற்றிக்கொள்ளுங்கள். நிலைபொருள் எழுதப்பட்டுக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் கருவி வெறும் செங்கல்லாகிவிடக் கூடும். 2022 மார்ச் மாத முடிவில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டை அனுபவித்த நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. சித்திரையிலும் ஐப்பசியிலும் கண்டி மலைகளில் பின்னேர இடி முழங்கும் வேளையில் இவ்வேலையைத் தொடங்காதிருப்பது புத்தி. பழைய கருவியின் பற்றரி வீங்கியிருந்தால் மின்னேற்றவே வேண்டாம். அது தீப்பற்றக் கூடியது.

கருவி நன்றாக ஓடுகிறது, வலையோடு தொடர்பும் இல்லை என்றால் அப்டேட் செய்யாமலே விடலாமா என்று கேட்பீர்கள். படமும் பாட்டும் மட்டும் காட்டும் தனிக்கருவியாயின் விடலாம் என்பதே என் அபிப்பிராயம். கைத்தொலைபேசியின் விஷயம் வேறு. அதில் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதால் அப்டேட்டைத் தள்ளிப்போடுதல் ஆகாது.

ஏடு பெயர்த்தெழுதுதல்

அன்பர்களே! அப்பிள் கொம்பனி ஐபொட் உற்பத்தியை 2022 மே மாதத்தோடு நிறுத்திவிட்டதாக அறிவித்தது. கருவிகள் வரும், போகும். இன்று நாம் பெருமையோடு கையில் வைத்திருக்கும் தொலைபேசியும் ஒருநாள் மேசை இழுப்பறையிலே கிடக்கும். உள்ளிருப்பவற்றைக் காப்பது எவ்வாறு?

இக்கேள்வி நமது சமூகத்துக்குப் புதியது அன்று. பனையோலை நெடுநாள் நில்லாது என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். ஆதலால் ஏடு சிதையுமுன் புதிய ஏட்டிலே பெயர்த்தெழுதினர். எழுதியதை மூலத்தோடு ஒப்புநோக்கினர். பெயர்த்தெழுதப்பட்டவை தப்பின, அவ்வாறு செய்யப்படாதவை செல்லுக்கு இரையாயின. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிலே 1832இல் பிறந்து, வட்டுக்கோட்டைச் செமினரியிலே மிஷனரிமாரிடம் கல்வி கற்ற சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள், தொட்டால் ஒடியும் ஏடுகளைத் தேடியெடுத்து 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார். அதே ஆண்டில் உ. வே. சாமிநாதையர் அவர்கள் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தார். சிதைந்த ஏட்டைக் கண்டு, இது பயனற்றது, எறிந்துவிடுங்கள் என்று அவர்கள் சொல்லியிருந்தால் நமது நிலை என்ன?

வீடியோவை ஒரு முறையிலிருந்து மற்றொரு முறைக்கு மாற்றுவதும் ஏடு பெயர்த்தெழுதுவதே. புதிய பிரதி எடுத்தல், மூலத்தோடு ஒப்பிடுதல், மூலத்தைப் பேணுதல் என்னும் மூன்றும் இதற்கும் அதே விதிகள். இரண்டு பிரதிகள் வீட்டிலே வெவ்வேறு சாதனங்களில் இருக்கட்டும். ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். ஊருக்கும் பயன்படக்கூடிய கூத்து, நாட்டார் பாடல், முதியோர் சொல்லும் தோட்டத்து வரலாறு முதலியவற்றை வைத்திருப்போர், 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் போன்ற எண்ணிம ஆவணக் காப்பகங்களுக்கு, பதிவில் உள்ளவர்களின் சம்மதத்தோடு, ஒரு பிரதி கொடுத்து உதவலாம்.

நமது சங்கத்துக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இரண்டு மணித்தியாலம் இம்மண்டபத்தைத் திறந்து வையுங்கள். கணினி அறிந்த இளைஞர் நான்கு பேர் அமர்ந்திருப்போம். பெரியோர்கள் தங்கள் பழைய கருவிகளையும் மெமரி காட்டுகளையும் கொண்டு வரட்டும். பிரதி எடுத்து, ஓடாதவற்றை ஓடச் செய்து, கைமாறு வாங்காமல் திருப்பிக் கொடுப்போம். கொண்டு வருபவர்கள் அந்தப் பாட்டைப் பாடியவர் யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று எங்களுக்குச் சொல்லட்டும்; நாங்கள் எழுதி வைப்போம். அதனால் எங்களுக்குக் கிடைக்கும் கல்வி எந்தப் பல்கலைக்கழகத்திலும் கிடைக்காதது.